நிற்கிற வண்டிக்கு நித்தம் தீனி!

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. 1995-ல் மாவட்டத் தலைநகர் ஆன ஊர். இருந்தும் ரயில் ஏற வேண்டுமென்றால் முப்பது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி அரியலூருக்குத்தான் ஓட வேண்டும். அரியலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனி மிதப்பு. அந்த ஊர் மட்டும் லேசுப்பட்டதா? 2001-ல் பெரம்பலூரை விட்டுப் பிரிந்து தனி மாவட்டம். 2002-ல் திரும்பவும் சேர்ந்தாச்சு. 2007-ல் மறுபடி பிரிந்தாச்சு. தனிக்குடித்தனமா, கூட்டுக்குடும்பமா என்று முடிவு பண்ணவே ஆறு வருஷம்!

இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் தினம் போய் வருகிறவன் என் மச்சினன். அரியலூரில் சிமெண்ட் கம்பெனி உத்தியோகம், பெரம்பலூரில் வீடு. சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னாலேயே பைக்கில் போய்ப் போய், மீசை சீக்கிரமே நரைத்த மாதிரி இருக்கும். கழுவினால் கறுப்பாகிவிடும்.

2023 பொங்கல் கழிந்து ஒரு நாள் போன் பண்ணினான்.

“மாமா, வண்டி வாங்கிட்டேன்.”

“காரா?”

“கேரவன்!”

எனக்குத் தெரிந்து கேரவன் என்றால், சினிமா நடிகர்கள் ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற சமாசாரம். இவன் வாங்கியது பழைய டெம்போ டிராவலர். அரியலூரில் ஒரு ஷெட்டில் சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, ஒரு தண்ணித் தொட்டி, லாரி சைஸில் ஒரு பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர், எங்கோ லாட்ஜில் கழித்துக்கட்டிய குட்டி ஃப்ரிட்ஜ் எல்லாம் பொருத்தியிருந்தான். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைந்து ஆர்.சி. புத்தகத்தில் திருத்தம் வாங்கிய கதை தனி.

“ரயில் வராத ஊர்ல, வீட்டையே ரயிலாக்கிட்டேன் மாமா. பக்கத்துல கேரளாவுல 2021-லயே கவர்மெண்ட்டே கேரவன் டூரிஸம்னு ஆரம்பிச்சுட்டாங்க. நாமதான் லேட்டு!”

முதல் பயணம், குடும்ப சகிதம், சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில். போனது செவ்வாய்க்கிழமை. அந்தக் கோயில் நடை திறப்பது வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான். மற்ற நாட்களில் அம்மன் பெரியசாமி மலைக்குப் போய்விடுவதாக ஐதீகம். பூட்டின கதவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, வண்டிக்குள் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். அதன் பிறகு வண்டி நகரவில்லை. லீவு கிடைக்கவில்லை. வண்டி மாமனார் வீட்டு வாசலில் வேப்ப மரத்துக்குப் பக்கத்தில் நின்றது. ஜன்னல் வழியாக ஒரு மஞ்சள் ஒயர் வீட்டு ஹாலிலிருந்து புறப்பட்டு வண்டிக்குள் போய் மறைந்தது.

மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு என்று குடும்பத்தோடு போய் இறங்கினேன். அக்னி நட்சத்திரம். பெரம்பலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஹாலில் கால் வைத்ததும் மாமனார் ஒரு காகிதத்தை நீட்டினார்.

“இதைக் கொஞ்சம் பாருங்க மாப்பிள்ளை.”

கரண்ட் பில். 567 யூனிட். 2,486 ரூபாய்.

மாமனார் ரிடையர்டு வாத்தியார், அதிலும் கணக்கு வாத்தியார். மீட்டர் பெட்டி பக்கத்தில் தொங்கும் வெள்ளை அட்டைகளை, தீர்ந்துபோனதையும் சேர்த்து, வருஷவாரியாக நூல் கட்டி வைத்திருப்பவர். சர்வீஸ் எடுத்த நாளாய் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டியதில்லை என்பது அவருக்குப் பென்ஷனை விடப் பெரிய கௌரவம். போன வருஷம் இதே மார்ச் - ஏப்ரலில் 380.

“மீட்டர் ஓடுது மாப்பிள்ளை. எழுதிக் கொடுக்கப் போறேன்.”

ராத்திரி படுக்கப் போனபோதுதான் இன்னொன்று தெரிந்தது. மாமியாரின் அறையில் ஏஸி ஓடவில்லை. இழுப்பு உள்ள மனுஷி. டாக்டர் சொன்னார் என்று போன வருஷம்தான் மாட்டினார்கள். ராத்திரி இரண்டு மணி நேரம் போட்டு அணைத்துவிடுவது வழக்கம். பில் வந்த அன்றைக்கே மாமனார் அதன் ப்ளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டார். மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு, விசிறியோடு உட்கார்ந்திருந்தார்.

“எனக்கு என்ன மாப்ளே, பழகினதுதான்” என்றார். மூச்சு வாங்கியது.

எனக்குத் தூக்கம் வரவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு மீட்டர் பெட்டிக்குப் போனேன்.

இந்த இடத்தில் ஒரு சின்ன வித்தை. நீங்களும் உங்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். எலெக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். பக்கத்திலேயே, எத்தனை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த மீட்டரில் 3200. வீட்டில் ஃபேன், ஃப்ரிட்ஜ், டி.வி., மோட்டார் என்று சகலத்தையும் அணைத்தேன். நியாயமாக மீட்டர் தூங்க வேண்டும். அதுவோ எட்டு, ஒன்பது நொடிக்கு ஒரு தரம் என்னைப் பார்த்துக் கண்ணடித்தது!

வாட்ச்சைப் பார்த்து எண்ணினேன். நிமிஷத்துக்கு 7. ஒரு மணிக்கு ஏழு அறுபது 420. (பொருத்தமான நம்பர்தான்!) 420-ஐ 3200-ஆல் வகுத்தால் 0.13. அதாவது 130 வாட். வீடு மொத்தமும் இருட்டாக இருக்கும்போது, யாரோ இரண்டு அறுபது வாட் குண்டு பல்பை விடிய விடிய எரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மஞ்சள் ஒயரைப் பிடுங்கினேன். மீட்டர் சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டது.

மச்சினனை எழுப்பி, வண்டிக்குள் ஏறினோம். விசாரணையில் மூன்று குற்றவாளிகள் பிடிபட்டார்கள்.

ஒன்று, பேட்டரி சார்ஜர், ஏறக்குறைய 50 வாட். இரண்டு, இன்வெர்ட்டர். யாரும் எதற்கும் உபயோகிக்காவிட்டாலும், சுவிட்ச் ஆனில் இருந்தால் அது சும்மா 20 வாட் குடிக்கும். சார்ஜர் பேட்டரியை நிரப்ப, இன்வெர்ட்டர் அதைக் காலி பண்ண, மறுபடி சார்ஜர் நிரப்ப... ஓட்டை அண்டாவில் தண்ணி ஊற்றுகிற கதை. மூன்று, அந்த லாட்ஜ் ஃப்ரிட்ஜ். அது கம்ப்ரெஸர் இல்லாத ரகம்; சத்தம் போடாது. உள்ளே ஒரு ஹீட்டர் சூடாகித்தான் அது குளிரும். தகர டப்பா மாதிரி வண்டி வெயிலில் கொதிக்க, ஓய்வே இல்லாமல் 60 வாட் இழுத்துக்கொண்டிருந்தது.

கூட்டினால் 130. ஒரு நாளைக்கு 3 யூனிட் சொச்சம். அறுபது நாளைக்கு 187!

ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தோம். உள்ளே இரண்டு தண்ணி பாட்டில்.

“ரெண்டு மாசமா எதுக்குடா இதைச் சொருகி வெச்சிருக்கே?”

“எப்பவும் ப்ளக்லயே இருக்கணும்னு வீடியோல பார்த்தேன் மாமா. வெள்ளைக்காரன்லாம் அப்படித்தான் வெச்சிருக்கான்.”

வெள்ளைக்காரன் வைத்திருப்பது வாஸ்தவம். அவன் ஊரில் குளிர்காலத்தில் வண்டிக்குள் தண்ணிக் குழாய் உறைந்து வெடித்துவிடும். அதற்காக ஒரு சின்ன ஹீட்டரைப் போட்டு, வீட்டுக் கரண்டில் சொருகி வைப்பான். பெரம்பலூரில் மார்கழியில் கூட உறைவது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான்!

காலையில் மாமனாரிடம் கணக்கைச் சொன்னேன். அவர் உடனே பேப்பர், பேனா எடுத்தார். வாத்தியார் அல்லவா?

“187 யூனிட் சரி. ஆனா 380-க்கு 1,035 ரூபாதானே ஆகணும்? 187-க்கு 1,451 ரூபாயா? யூனிட் ஏழே முக்கா ரூபாய்க்கு மேல போகுதே!”

அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். நம் ஊர்க் கரண்ட் பில் ஒரு விசித்திரமான படிக்கட்டு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு 2.25, அதற்கு மேல் 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். இது ஐந்நூறுக்குள் அடங்கி நடக்கிற பிள்ளைகளுக்கு. ஐந்நூறைத் தாண்டிவிட்டால், தாண்டின யூனிட்டுக்கு மட்டும் 8 ரூபாய் என்று நினைக்கிறீர்களா? இல்லை. கீழே ஏறி வந்த படியையும் மாற்றிவிடுவார்கள். 2.25 சலுகை போய், 101-லிருந்தே 4.50!

விளைவு? 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501-க்கு 1,958. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். இதுவாவது பரவாயில்லை. 2022 செப்டம்பருக்கு முந்தைய கட்டணத்தில் 500-க்கு 1,130. 501-க்கு 1,786 ரூபாய் 60 பைசா. ஒரு யூனிட் 656 ரூபாய்! அந்த விலைக்கு நியாயமாகக் கரண்டை வெள்ளித் தட்டில் வைத்துக் கொடுத்திருக்க வேண்டும். 2024 ஜூலையில் கட்டணம் மறுபடி ஏறியது. ஆனால் ஐந்நூறில் வழுக்கிற அந்தப் படி அப்படியேதான் இருந்தது.

ஆக, ஏஸி ஐந்நூறைத் தாண்ட வைக்கவில்லை. தாண்ட வைத்தது இரண்டு தண்ணி பாட்டில்.

மாமனார் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் ஏஸி ப்ளக்கைச் சொருகிவிட்டு வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

மாமியார் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “அதோட இன்னொண்ணு மாப்ளே. மழை பெஞ்ச அன்னைக்கு அந்த வண்டியைத் தொட்டா சுர்ருங்குது. சாமி கோயிலுக்குப் போய்ட்டு வந்த வண்டியாச்சேன்னு நினைச்சேன்” என்றார்.

எனக்குக் காபி தொண்டையில் நின்றது.

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்ததில், மஞ்சள் ஒயரில் இரண்டே கம்பி. எர்த் கிடையாது. வண்டி நிற்பதோ ரப்பர் டயர் மேல். உள்ளே எங்காவது கரண்ட் கசிந்தால் அது பூமிக்குப் போக வழியில்லாமல் தகர உடம்பிலேயே காத்திருக்கும். ஈரக் காலோடு யார் தொடுகிறார்களோ அவர்கள்தான் வழி. பில்லில் போனது 1,451 ரூபாய். இதில் போயிருந்தால் கணக்கு வாத்தியாராலும் கணக்குப் போட முடியாது. வண்டியோ, வாஷிங் மெஷினோ, வெளியே ஒயர் இழுத்தால் மூன்று கம்பி ஒயர், உருப்படியான எர்த், கசிந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் ஆர்.ஸி.ஸி.பி. இந்த மூன்றும் இல்லாமல் தொடாதீர்கள். சுருட்டி வைத்த ஒயரில் அதிகக் கரண்டை இழுத்தால் அது சூடேறி உருகும். முழுக்கப் பிரித்துப் போடுங்கள்.

மச்சினன் அதற்குள் அடுத்த ஐடியாவுக்குத் தாவிவிட்டான்.

“மாமா, நம்ம வயக்காட்டு மோட்டார் கரண்ட் ஃப்ரீதானே? வண்டியை அங்க கொண்டுபோய்ச் சொருகிட்டா?”

“சொருகலாம். 2003 மின்சாரச் சட்டத்துல 126-னு ஒரு பிரிவு இருக்கு. எதுக்குக் கொடுத்தாங்களோ அதுக்கு இல்லாம வேற எதுக்கு எடுத்தாலும், உரிய கட்டணத்தைப் போல ரெண்டு மடங்கு. எப்ப ஆரம்பிச்சேன்னு தெரியலைன்னா பன்னிரண்டு மாசத்துக்குச் சேர்த்துப் போடுவாங்க. வண்டியை வித்துக் கட்டலாம்!”

கடைசியில் தீர்வு ரொம்பச் சுலபமாக இருந்தது. ஃப்ரிட்ஜை அணைத்து, பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கதவை லேசாகத் திறந்து வைத்தோம். இன்வெர்ட்டர் ஆஃப். பேட்டரி ஒயரில் ஒரு சுவிட்ச் வைத்துத் துண்டித்தோம். எதுவும் இழுக்காமல் சும்மா இருக்கிற நல்ல பேட்டரி ஒரு மாசத்துக்கு அப்படியே நிற்கும்; அவ்வப்போது சார்ஜ் கொடுத்தால் போதும். “இன்னும் ஆசையா இருந்தா கூரை மேல நூறு வாட் சோலார் பேனல் மாட்டு, இந்த வெயிலுக்கு நாளைக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைச்சலா தானே வரும்” என்றேன்.

அடுத்த பில் ஐந்நூறுக்குள் வந்தது. மாமனார் போனில் அந்த எண்ணை இரண்டு தடவை சொன்னார். மாமியார் பின்னாலிருந்து, “ஏஸி போட்டுத்தான்னு சொல்லுங்க!” என்று குரல் கொடுத்தார்.

பிறகு ஒரு தடவை போனபோது பார்த்தேன். வண்டிச் ஜன்னலில் மாமனாரின் அச்சு எழுத்தில் ஒரு அட்டை தொங்கியது:

“சார்ஜ் நேரம்: திங்கள், வெள்ளி மட்டும். மற்ற நாட்களில் நடை சாத்தப்பட்டிருக்கும்.”