டி.வி. கோர்ட்டும் நம் கோர்ட்டும்

தொலைக்காட்சியில் வரும் வழக்குகளைப் பற்றி ஜனங்கள் பேசிக்கொள்வதை வக்கீல்கள் பெரும்பாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ‘சினிமா சட்டம்’ என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டு அடுத்த கேஸ் கட்டைப் பிரித்துவிடுவோம். திருச்சியில் குடும்ப வழக்குகளை நடத்துகிறவள் நான். அந்தப் பேச்சைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். தெப்பக்குளத்தில் பூ கட்டுகிறவரும், ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் பென்ஷன் வாங்கும் ஆசிரியையும், ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகும் பெண்ணும் அந்த நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசும்போது நம் நீதிமன்றங்களைப் பற்றியும் சேர்த்தே பேசுகிறார்கள்.

நீதிமன்றக் காட்சி என்றால் இந்த ஊருக்கு எப்போதும் ஒரு பிரியம் உண்டு. ‘பராசக்தி’யில் (1952) கூண்டில் நின்று பேசிய சிவாஜி கணேசன் சிறுவயதில் வளர்ந்தது சங்கிலியாண்டபுரத்தில். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா படைத்த கணேஷும் வசந்த்தும் வக்கீல்கள். 1984இல் ‘விதி’ வந்தபோது அதன் கோர்ட் வசனம் ஒலிச்சித்திரமாகக் கல்யாண வீடு, கோயில் திருவிழா, டீக்கடை என்று எங்கும் ஒலித்தது. ஏமாற்றப்பட்ட ஒரு பெண் எல்லோர் முன்னாலும் நியாயம் கேட்கிறாள். அவளுக்காக ஒரு பெண் வக்கீல் வாதாடுகிறார். படம் பார்க்காதவர்களுக்கும் வசனம் மனப்பாடம்.

அதே 1984இல்தான் நாடாளுமன்றம் குடும்ப நீதிமன்றச் சட்டத்தை நிறைவேற்றியது. அதைப் பற்றி ஜனங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. இந்த இடைவெளியில்தான் பிற்பாடு தொலைக்காட்சி வந்து உட்கார்ந்துகொண்டது.

விஜய் டி.வி.யில் நடிகை லட்சுமி நடத்திய ‘கதையல்ல நிஜம்’ ஒரு வழியைக் காட்டியது. 2011இல் ஜீ தமிழில் ‘சொல்வதெல்லாம் உண்மை’ தொடங்கியது. முதலில் நிர்மலா பெரியசாமி, பிறகு லட்சுமி ராமகிருஷ்ணன் என்று 2018 வரை அது ஓடியது. நடிகர்கள் நடித்த தொடர் இல்லை அது. நிஜக் குடும்பங்கள் தங்கள் சண்டையோடு வந்து உட்கார்ந்த நிகழ்ச்சி. ஆனாலும் பார்த்தவர்கள் அதைத் தொடராகத்தான் பார்த்தார்கள். மனைவி வந்து சொல்வாள், கணவன் வந்து மறுப்பான், மாமியார் வருவார், முடிவில் தொகுப்பாளர் ஒரு யோசனை சொல்வார். தமிழில் நீண்ட காலம் ஓடிய கோர்ட் நாடகம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அதைப் பற்றி என் காதில் விழுந்த அபிப்பிராயங்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. “அந்தம்மா நறுக்குன்னு கேக்குறாங்க, அவன் திருதிருன்னு முழிக்கிறான்” என்று சிலர். “இவங்களுக்கு யார் ஜட்ஜ் வேலை கொடுத்தது?” என்று சிலர். “வர்றவங்க எல்லாம் இல்லாதப்பட்டவங்கதான். பங்களா வீட்டுச் சண்டை ஒண்ணாவது வந்திருக்கா?” என்று கேட்டவரும் உண்டு. எந்தச் சட்டப் பத்திரிகையிலும் இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் படித்ததில்லை. ஆனால் என்னை வாயடைக்க வைத்தது, ஜீவனாம்ச வழக்கில் வாய்தா வாய்தாவாக வந்துபோன ஒரு பெண் கேட்டதுதான்: “மேடம், டி.வி.ல அந்தப் பொண்ணை முதல்ல ‘உனக்கு என்னம்மா வேணும்’னு கேட்டாங்க. என்னை இங்க இதுவரைக்கும் யாருமே அப்படிக் கேக்கலையே?”

அவர் சொன்னது உண்மை. அவருக்கு என்ன வேண்டும் என்று மனுவில் நான் எழுதியிருந்தேன். எதிர் பார்ட்டி வக்கீல் எதிருரையில் மறுத்திருந்தார். நடைமுறை ஒன்றும் தவறவில்லை. பேச வேண்டியவர் மட்டும் பேசவில்லை.

வேதனை என்னவென்றால், அந்தப் பெண் டி.வி.யில் கண்டு ஏங்கியதை 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, சமரசத்துக்கு வழியிருக்கும்போதெல்லாம் அதற்கு முயல வேண்டும் என்று நீதிபதிக்குக் கடமை விதிக்கிறது. சமரசம் காணவும், ஒருவர் சொல்ல மற்றவர் மறுக்கும் விஷயத்தில் உண்மையைக் கண்டறியவும், தனக்கு ஏற்ற நடைமுறையை நீதிமன்றமே வகுத்துக்கொள்ளலாம் என்கிறது 10ஆவது பிரிவு. வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையாகாது என்கிறது 13. சாட்சியச் சட்டத்தின் கட்டுப்பாடுகளுக்கு வெளியிலும் ஆவணங்களையும் அறிக்கைகளையும் ஏற்கலாம் என்கிறது 14. சாட்சி சொன்னதை வரிக்கு வரி எழுத வேண்டாம், சாரத்தை எழுதினால் போதும் என்கிறது 15. எதிரெதிரே உட்கார்ந்து, பேச்சுத் தமிழில், கேள்வி கேட்டுப் பதில் வாங்கி, பிரச்சினையின் முடிச்சை அவிழ்க்கும் ஓர் அறையைத்தான் இந்தச் சட்டம் நினைத்தது. நாம் அதைப் பிரமாணப் பத்திரம், எதிருரை, முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, வாய்தா என்று இன்னொரு சிவில் கோர்ட்டாக்கிவிட்டோம். சட்டம் எழுதிவைத்ததை ஒரு சேனல் செய்துகாட்டியது. ஜனங்கள் அங்கே போனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆனால் செய்துகாட்டிய விதத்தில் ஏழைகளுக்கு இருந்த ஒரே பாதுகாப்பும் போய்விட்டது. கதவு. இந்து திருமணச் சட்டத்தின் 22ஆவது பிரிவுப்படி திருமண வழக்குகளை மூடிய அறையில்தான் விசாரிக்க வேண்டும். நடந்ததை அச்சிடுவதோ வெளியிடுவதோ கூடாது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைக்கூட முன் அனுமதி பெற்றே வெளியிடலாம். மீறினால் அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. சட்டம் வந்த 1955இல் ஆயிரம் ரூபாய் பெரிய தொகை. இன்று ஒரு சேனலுக்கு அது கணக்கிலேயே வராது. இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றும் உண்டு. அந்தப் பிரிவு காப்பது நீதிமன்ற நடவடிக்கையை மட்டும்தான். அதே கணவன் மனைவி, அதே சண்டை, அதே குழந்தை, கோர்ட்டுக்குள் இருந்தால் ரகசியம். படப்பிடிப்புத் தளத்துக்குப் போய் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஊர்ச்சொத்து. அந்தக் கையெழுத்தைப் போடுகிறவருக்கு, பத்து வருஷம் கழித்து மகளுக்கு வரன் பார்க்கும்போதும் அந்தக் காட்சி யாரோ ஒருவர் கைப்பேசியில் ஓடும் என்று யார் சொல்லியிருப்பார்கள்? அதனால்தான் ‘இல்லாதப்பட்டவங்கதான்’ என்ற அபிப்பிராயத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். வசதியுள்ளவர் மூடிய கதவை விட்டுவிட்டு விளக்கு வெளிச்சத்துக்கு வரமாட்டார். வக்கீல் ஃபீஸும் வாய்தா நாளின் கூலியும் இல்லாதவர்தான் வருவார்.

அங்கே கிடைக்கும் முடிவுக்குப் பலமும் இல்லை. மாதம் ஐயாயிரம் தருகிறேன் என்று ஒருவர் கேமரா முன் கும்பிட்டுச் சொல்லலாம். அடுத்த மாதம் தராவிட்டால் அந்தப் பேச்சை வைத்து வசூல் மனு போட முடியாது. அதே ஐயாயிரத்தை நீதிமன்றம் ஜீவனாம்சமாக உத்தரவிட்டிருந்தால், தராத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. லோக் அதாலத்தில் சமரசமாகியிருந்தால் அது சிவில் நீதிமன்ற டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், அவர்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டம். 15100 என்ற எண்ணை அழைத்தால் போதும். என்னிடம் வருகிறவர்களில் தொகுப்பாளர் பெயர் தெரியாதவர் அரிது. இந்த எண் தெரிந்தவர் அதைவிட அரிது.

2018 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ‘சொல்வதெல்லாம் உண்மை’க்கு இடைக்காலத் தடை விதித்தது. ஏழைக் குடும்பங்களின் அந்தரங்கத்தை ஊருக்குக் காட்டி, நீதிமன்றம்போல் நடந்துகொள்கிறது என்பது மனுதாரரின் வாதம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் சொல்லி ஓராண்டுகூட ஆகவில்லை. திருச்சி மாவட்டம் அந்தக் கிளையின் எல்லைக்குள் வருவதால் எங்கள் வளாகத்தில் அன்று அதே பேச்சு. வக்கீல்களில் பலருக்கு நிம்மதி. கட்சிக்காரர்களில் பலருக்கு வருத்தம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். தடை சரிதான் என்பது என் கருத்து. ஆனால் கடையை மூடச் சொன்னவர்கள் அங்கே வரிசையில் நின்றவர்கள் இனி எங்கே போவார்கள் என்பதையும் யோசித்திருக்க வேண்டும்.

நாடகத் தொடர்களின் சட்டம் வேறு வகையான தொந்தரவு. ஆயிரத்து ஐந்நூறு பகுதிகளைத் தாண்டிய ‘கோலங்கள்’ (2003–2009) காலத்திலிருந்தே கோர்ட் காட்சி இல்லாத நெடுந்தொடர் குறைவு. நீதிபதி சுத்தியலால் தட்டுவார். நம் நீதிமன்றங்களில் சுத்தியல் கிடையாது. சாட்சி பகவத் கீதையில் கை வைப்பார். 1969ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டம் எந்த நூலின் மேலும் கை வைக்கச் சொல்லவில்லை. இவற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டம் வருவது வேறு இடத்தில். 2020இல் விஜய் டி.வி.யில் தொடங்கிய ‘பாக்கியலட்சுமி’யில் கணவன் கோபி, மனைவிக்குத் தெரியாமலே விவாகரத்துத் தாளில் கையெழுத்து வாங்கிவிடுவார். அந்த வாரங்களில் என்னிடம் வந்த பெண்கள் பதறிக்கொண்டு கேட்டார்கள்: “அவர் நீட்டுற தாள்ல கையெழுத்துப் போட்டுட்டா எல்லாம் முடிஞ்சுடுமா?”

முடியாது. பரஸ்பர சம்மத விவாகரத்தை இருவரும் சேர்ந்துதான் கேட்க வேண்டும். குறைந்தது ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருந்து, மறுபடியும் இருவரும் வந்து கேட்க வேண்டும். பொருத்தமான வழக்குகளில் அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. ஆனால் இருவரின் சம்மதமும் உண்மையானதுதானா என்று நீதிபதி உறுதிசெய்துகொள்வதைத் தளர்த்த முடியாது. தீர்ப்புக்கு முன் ஒருவர் மனம் மாறினாலும் விவாகரத்து இல்லை என்று 1991லேயே தீர்ப்பு உண்டு. இதை ஒரு பெண் வக்கீல் பாத்திரம் அந்தத் தொடரில் அரை நிமிஷம் சொல்லியிருந்தால், எத்தனையோ வீடுகளில் பயம் தெளிந்திருக்கும். கதையின் விறுவிறுப்பும் குறைந்திருக்காது.

ஜனங்களுக்கு இவ்வளவு நுணுக்கம் புரியாது என்று சொல்கிறவர்களுக்கு ஸ்ரீரங்கத்தை நினைவூட்டுவேன். 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் சொத்துக் குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்கு நான்காண்டு சிறை விதித்தது. அவர் அப்போது ஸ்ரீரங்கம் தொகுதி உறுப்பினர். 1996இல் தொடங்கிய வழக்கு அது. அன்று ஸ்ரீரங்கம் தீவில் டி.வி. ஓடாத வீடு இருந்திருக்காது. மேல்முறையீடு இருக்கும்போதே பதவி எப்படிப் போகும் என்று தொடங்கிய கேள்வி, மூன்று மாத அவகாசம் தந்த பழைய பிரிவை உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் ரத்து செய்ததுவரை போனது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(4) பிரிவை டீக்கடையில் விவாதித்த ஊர் இது. கட்சி எதுவாக இருந்தாலும், சட்டத்தைத் தமிழில் எடுத்துச் சொன்னார்கள், ஜனங்கள் புரிந்துகொண்டார்கள். 2015 பிப்ரவரி 13 இடைத்தேர்தலில் வரிசையில் நின்றவர்களுக்கு, ஏன் நிற்கிறோம் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழில் சாட்சி சொல்லவும் தீர்ப்பு எழுதவும் சட்டத்தில் தடையில்லை. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று சட்டமன்றம் 2006இல் தீர்மானமே போட்டது. அந்தப் போராட்டம் தொடரட்டும். குடும்ப நீதிமன்றம் அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் வாய்தாவிலேயே கணவனையும் மனைவியையும் உட்காரவைத்து, தாள்களை ஓரமாக வைத்துவிட்டு, கதவை மூடிக்கொண்டு பேசவிடலாம். பத்தாவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. உத்தரவு ஆங்கிலத்தில் இருந்தால் அதன் சாரத்தை ஒரே பக்கத்தில் தமிழில் தரலாம். அரசு சட்டக் கல்லூரி இந்த ஊரில் இருக்கிறது. ஸ்ரீரங்கம் தாலுகாவின் நவலூர்குட்டப்பட்டில் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தைத் தயாரிக்க மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. நீதிபதியின் மேற்பார்வையில் அவர்களுக்கு அதுவே நல்ல பயிற்சி. தொடர் எடுக்கிறவர்கள் கோர்ட் காட்சி எழுதும் நாளில் மட்டுமாவது ஒரு குடும்ப வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

உத்தரவு போட்ட கையோடு, “உங்களுக்கு என்ன புரிந்தது, சொல்லுங்கள்” என்று நீதிபதி இரு தரப்பையும் கேட்கத் தொடங்கலாம். அதற்குப் புதிய சட்டம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். ஒரு வழக்குக்கு இரண்டு நிமிஷம் ஆகும்.

– கட்டுரையாளர், திருச்சிராப்பள்ளியில் குடும்ப வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்.