குதிரை போக ஒரு பாதை

வடாம், வற்றல் பக்குவம் எழுதிக்கொண்டிருந்தவள் இந்தத் தடவை குதிரையைப் பிடித்துக்கொண்டு வருகிறாளே என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே. எல்லாம் என் மகளால் வந்த வினை.

அவள் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். 1903-ல் ஆரம்பித்த பழைய கல்லூரி. அங்கே என்.சி.சி.யில் குதிரைப் பிரிவே இருக்கிறது. அதில் சேர்ந்து சவாரி கற்றுக்கொண்டாள். அங்கே மைதானத்தில், வட்டத்துக்குள் ஓட்டுவதுதான் பழக்கம். பொங்கல் லீவுக்கு ஆலங்குடிப் பக்கம் என் பிறந்த ஊருக்குப் போனோம். என் அண்ணன் அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய செம்பி என்ற பெண் குதிரையை வைத்திருக்கிறார். திருவிழா, கல்யாண ஊர்வலம் என்று போய்வரும் சாதுவான குதிரை. "மாமா, நான் ஓட்டட்டுமா?" என்றாள் இவள். "தாராளமா ஓட்டு தாயி" என்றார் அவர்.

முதல் நாளே தப்புப் பண்ணினோம். எந்த வழியில் போவது என்று யாரும் யோசிக்கவில்லை. வீட்டு வாசலில் தார் ரோடு இருக்கிறது, அதிலேயே போகட்டும் என்று விட்டோம். தை மாதம் எங்கள் பக்கத்து ரோடெல்லாம் வைக்கோல் காயும், நெல் காயும். ஓரிடத்தில் நெல்லை மூடியிருந்த தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்தது. மேளத்துக்கும் வேட்டுக்கும் அசராத செம்பி அந்தச் சத்தத்துக்கு மிரண்டு ஒதுங்கியது. வைக்கோலில் கால் வழுக்கியது. மகள் கீழே விழுந்தாள்.

ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. முழங்கை நன்றாகச் சிராய்ந்துவிட்டது. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டி.டி. ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். குதிரைச் சாணத்திலும் அது விழுந்த மண்ணிலும் ரணஜன்னிக் கிருமி இருக்கும். ஆகவே குதிரை நடமாடும் இடத்தில் சின்னக் காயம் பட்டாலும் அலட்சியம் கூடாது. (என் கணவரிடம் கிணற்றடியில் வழுக்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். இதைப் படித்து உண்மையைத் தெரிந்துகொள்ளட்டும்.)

என் அம்மா பிடித்துக்கொண்டாள். "பொட்டப்புள்ளைக்கு இதெல்லாம் எதுக்குத்தா? கையக் கால ஒடிச்சுக்கிட்டா நாளைக்கு எவன் கட்டுவான்? அய்யனார் ஏறுற வாகனத்துல பொம்பள ஏறலாமா?" என்றாள். குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் 30 அடிக்கு மேல் உயரமாக நிற்கிற குதிரைக்கு மாசி மகத்தில் காகிதப்பூ மாலை சாத்திப் பழகிய ஜனங்கள் நாங்கள். அவள் கேட்டதில் தப்பில்லை. அண்ணன்தான், "அது சுதைக் குதிரை ஆத்தா, இது சதைக் குதிரை" என்று சொல்லிச் சமாளித்தார்.

எனக்கு வேறு கவலை. மகள் ராத்திரி சாப்பிடவில்லை. "இனிமே வேண்டாம்மா, காலேஜிலயும் பேரை எடுத்துடப்போறேன்" என்றாள். விழுந்த பயத்தோடு இப்படியே விட்டுவிட்டால் அது மனசில் தங்கிவிடும் என்று எனக்குத் தோன்றியது. குதிரை மேலும் குற்றமில்லை, பெண் மேலும் குற்றமில்லை. பாதைதான் சரியில்லை. ஆகவே மறுநாள் விடிகாலையில் அண்ணனைக் கூட்டிக்கொண்டு நானே பாதை பார்க்க நடந்தேன்.

கண்மாய்க்கரைதான் நல்லது என்பது அண்ணனின் அபிப்பிராயம். மண் மெத்தென்று இருந்தது, பனைமர நிழல், பார்க்க ரொம்ப அழகு. ஆனால் நடந்து பார்த்தால்தானே தெரிகிறது! கரை நெடுக எலி வளையும் நண்டு வளையும். குதிரையின் கால் ஒரு வளைக்குள் இறங்கினால் எலும்பு முறிந்துவிடும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவு. நடுவில் மிரண்டால் திரும்ப இடமில்லை. நாங்கள் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரே நாலு ஜல்லிக்கட்டுக் காளைகளை ஓட்டி வந்தார்கள். தை மாதம் எங்கள் ஜில்லாவில் காளைகளுக்குக் கண்மாயில்தான் நீச்சல் பயிற்சி. நானே வேலியோரம் ஒதுங்கினேன், செம்பி என்ன செய்யும்? கண்மாய்க்கரையை விட்டோம்.

ஓடை மணலைப் பார்த்தோம். கால் புதைகிற மணலில் ஓட்டினால் குதிரையின் கால் நரம்பு இழுத்துக்கொள்ளும் என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். அதுவும் வேண்டாம்.

கடைசியில் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே போகிற பழைய வண்டிப்பாதையைப் பிடித்தோம். செம்மண் தரை. கெட்டியாகவும் இருக்கிறது, தார் மாதிரி கல்லாகவும் இல்லை. இங்கே நான் ஒரு காரியம் செய்தேன். குதிரை மேல் உட்கார்ந்தால் ஆளின் தலை எட்டடி உயரத்துக்கு வந்துவிடும், நமக்கோ கண் ஐந்தடியில். அதனால் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியை எடுத்துப் போய் நட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டே நடந்தேன். முந்திரி மரம் தாழப் படரும் ஜாதி. தொரட்டி இடித்த இடமெல்லாம் மகளின் நெற்றி இடிக்கிற இடம்! தோப்புக்காரரிடம் கேட்டு நாலைந்து கிளைகளைக் கழித்தோம். ஓரிடத்தில் தொய்ந்து கிடந்த மோட்டார் வயரையும் தூக்கிக் கட்டச் சொன்னோம். தோப்பு வழியே போக அவரிடம் அனுமதியும் வாங்கிக்கொண்டோம். பிறத்தியார் இடத்தில் கேட்காமல் புகுவது மரியாதை இல்லை, பாருங்கள்.

சீமைக் கருவேல முள்ளைப் பெருக்கித் தள்ளினோம். அது குளம்பின் மெத்துப் பகுதியில் ஏறினால் குதிரை நொண்டும். அதன் காய் இனிப்பாக இருப்பதால் குதிரை ஆசையாகத் தின்னும், நிறையத் தின்றால் வயிற்றைக் கட்டி வலி வந்துவிடும். இதையெல்லாம்விட முக்கியம் அரளி. வழியில் ஒரு சின்னக் கோயில் நந்தவனத்தில் பூத்துக் குலுங்கியது. அரளி இலை கொஞ்சம் உள்ளே போனாலும் குதிரைக்கு உயிராபத்து. நந்தவனத்தை வெட்ட முடியுமா? பாதையை அந்த இடத்தில் நூறடி தள்ளி வளைத்துவிட்டோம்.

இன்னொரு சூட்சுமமும் அண்ணன் சொல்லித் தெரிந்தது. போன வழியே திரும்பி வருகிற பாதை கூடாதாம். வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பியதும் குதிரை வேகம் எடுத்துவிடும். ஆகவே போர் செட்டுத் தொட்டியைத் தொட்டுக்கொண்டு சுற்றி வருகிற மாதிரி மூன்று கிலோமீட்டர் வட்டமாக வைத்தோம். நடை போட்டால் அரை மணி நேரம். தொட்டியில் தண்ணீரும் காட்டலாம், நாளொன்றுக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கிற பிராணி அது. தீனி வைத்து ஒரு மணி நேரம் கழித்து, வெயில் ஏறுமுன் காலை எட்டு மணிக்குள் சவாரியை முடித்துவிட வேண்டும் என்றும் பேசிக்கொண்டோம்.

அந்தக் காலத்தில் பாண்டிய நாட்டுக்குக் கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கியது. குதிரை வாங்கப் பணத்தோடு புறப்பட்ட மாணிக்கவாசகர் எங்கள் ஆவுடையார்கோவிலில் நின்றுவிட்ட கதையும் தெரிந்ததுதானே. வந்த குதிரைகளை இங்கே பராமரிக்கத் தெரியாமல் சாகவிடுகிறார்கள் என்று 13-ம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். படித்தபோது எனக்குக் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் மகளிடம், "நான் ரெண்டு தடவை நடந்து பாத்துட்டேன், வா" என்றேன். முதல் சுற்று செம்பியைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். குதிரைக்கும் வழி பழக வேண்டுமல்லவா? இரண்டாம் சுற்றுக்கு இடது பக்கமிருந்து ஏறினாள். துப்பட்டா கிடையாது, செருப்பு கிடையாது. செருப்புக் கால் அங்கவடிக்குள் மாட்டிக்கொண்டால் விழும்போது குதிரை இழுத்துக்கொண்டு போய்விடும். சின்னக் குதிகால் வைத்த ஷூதான் சரி. நான் பின்னால் ஓடாமல் பக்கவாட்டில் தள்ளி நடந்தேன். நேர் பின்னால் நிற்பவர்கள் குதிரையின் கண்ணில் படமாட்டார்கள், திடீரென்று சத்தம் கேட்டால் உதைத்துவிடும்.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிக் குழந்தைகளைக் குதிரையில் ஏற்றுகிற சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் ரோடு, காரும் ஓடுகிறது. எங்கே போய் எங்கே திரும்புவது என்று ஏறுமுன் குதிரைக்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள். அவர் கயிற்றை விடக் கூடாது, ஓட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். வாடகையைப் பேரம் பேசுகிற நாம் இதைப் பேசுவதில்லை.

லீவு முடியும்வரை தினம் இரண்டு சுற்று. முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அம்மா நாலாம் நாள் வாசலில் நின்றாள். கையில் ஊறவைத்த கொள்ளு.

"விழுந்தியாத்தா?"

"இல்ல அம்மாச்சி."

"அப்ப நாளைக்கும் போ" என்று சொல்லிவிட்டுக் கொள்ளைச் செம்பியின் முன்னால் வைத்தாள்.