மெழுகுக்கு மிஞ்சிய பெருமை

ஃபைபர் படகின் மேற்பூச்சு மங்குகிறது என்று யாரிடம் சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "நல்ல வாக்ஸா வாங்கிப் போடுங்க. பளபளன்னு இருந்தா வெயிலும் உப்பும் ஒண்ணும் செய்யாது." படகு குழாமில் இதைச் சொல்கிறார்கள், பட்டறையில் சொல்கிறார்கள், டப்பாவின் மேலும் இதுதான் அச்சாகியிருக்கிறது. இதில் பாதிக்கு மேல் தவறு. மீதியும் சொல்லப்படும் காரணத்துக்காகச் சரியல்ல.

முதலில் பளபளப்பு. படகு கட்டும்போது முதலில் பூசுவதுதான் கடைசியில் வெளியே தெரிகிறது. அச்சின் உட்புறத்தை வழவழவென்று தேய்த்து, அதற்கு மெழுகிட்டு, நிறமி கலந்த பாலியெஸ்டர் ரெசினை அடிக்கிறார்கள். அதுதான் ஜெல்கோட். கண்ணாடியிழை மேட்டும் ரெசினும் அதற்குப் பிறகே அடுக்கடுக்காக ஏறுகின்றன. புதுப் படகு மின்னுவது அந்த அச்சின் வழவழப்பால். வெயிலின் புற ஊதாக் கதிர் ரெசினின் பிணைப்புகளை அறுக்க, மேற்பரப்பு சிதைந்து நுண்ணிய குழிகள் விழுகின்றன. ரெசின் பிடித்துவைத்திருந்த நிறமி உதிர்ந்து, விரலால் தடவினால் பொடியாக ஒட்டுகிறது. இந்த நிலையில் எண்ணெயோ சிலிக்கோனோ கலந்த எதைத் தேய்த்தாலும் குழிகள் நிரம்பி மினுக்கம் வந்துவிடும். சில வாரம் இருக்கும். அடியில் சிதைந்த ரெசின் சிதைந்தபடியேதான் கிடக்கும்.

"மெழுகு புற ஊதாக் கதிரைத் தடுக்குமே" என்பார்கள். தேய்த்துத் துடைத்த பின் பரப்பில் மிஞ்சும் மெழுகுப்படலம் ஒரு மைக்ரான் அளவில்கூட நிற்பது அரிது. ஜெல்கோட்டோ ஏறத்தாழ அரை மில்லிமீட்டர், அதாவது 500 மைக்ரான். கதிரை உறிஞ்சும் வேதிப்பொருளை மெழுகில் கலந்தாலும், அது வேலை செய்ய வேண்டிய தடிமன் அங்கே இல்லை. தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு ஓடுவதைக் காட்டிக் காப்பு இருக்கிறது என்று வாதாடுவதும் வீண். பரப்பில் தண்ணீர் ஒட்டவில்லை என்பதற்கு மட்டுமே அது சாட்சி. வெயிலை நிறுத்த வேண்டுமென்றால் நிழல் வேண்டும். நல்ல தார்ப்பாய் ஒன்று செய்வதைப் பத்து டப்பா செய்யாது.

அடுத்த குழப்பம்தான் அதிகக் கெடுதல் செய்கிறது: பாலிஷும் வாக்ஸும் ஒன்றே, அடிக்கடி போடுவது நல்லது என்ற எண்ணம். ரப்பிங் காம்பவுண்டில் இருப்பது அராவும் துகள். பாலிஷில் இருப்பதும் அதுவே, இன்னும் நுண்ணியதாக. இரண்டும் பழுதான தோலை உரித்து அடியில் உள்ள நல்ல ஜெல்கோட்டை வெளிக்கொண்டுவருகின்றன. மேலே எதையும் சேர்ப்பதில்லை. மெழுகு மட்டும்தான் படலமாகத் தங்குகிறது. 'கிளீனர் வாக்ஸ்' என்று விற்பது இரண்டும் கலந்தது. அரை மில்லிமீட்டர் இருப்பை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் பஃபிங் மெஷினும் காம்பவுண்டுமாக இறங்கினால், காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் கரைக்கிறோம். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் மெஷின் அழுத்திப் பிடிக்கும். அங்கேதான் முதலில் அடியிலுள்ள கண்ணாடியிழை தெரியத் தொடங்கும். அதன்பின் எந்த டப்பாவும் உதவாது. படகு மங்கவே இல்லை என்றால் பாலிஷைத் தொடாமல் வெறும் மெழுகோடு நிறுத்துவதுதான் கெட்டிக்காரத்தனம்.

எந்த மெழுகு? கார்னோபா என்று உறுதியாகச் சொல்பவர்கள் உண்டு. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுப்பது அது. இயற்கை மெழுகுகளில் கடினமானது, 82 முதல் 86 டிகிரி வரை வெப்பம் ஏறினால்தான் உருகும். தேன்மெழுகு 62-64 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே கார்னோபா உயர்ந்தது என்பது வாதம். ஆனால் தூய கார்னோபா நொறுங்கும் கட்டி. அதைக் கையால் பூசவே முடியாது. டப்பாவுக்குள் இருப்பது கரைப்பானும் வேறு மென்மையான மெழுகுகளும் கலந்த பசை. அதன் உருகுநிலை கார்னோபாவின் உருகுநிலை அல்ல. சித்திரை வெயிலில் நிற்கும் கருநீலப் படகின் பக்கவாட்டைத் தொட்டுப் பார்த்தவருக்கு இந்த வேறுபாடு புரியும். பொதுவாகச் செயற்கை பாலிமர் சீலன்ட் கார்னோபாவைவிட நீடித்து நிற்கிறது. மினுக்கத்தின் ஆழம் கொஞ்சம் குறைவு என்று ரசிகர்கள் குறைப்படுவார்கள். அது ரசனை, காப்பு அல்ல.

டெஃப்லான் கலந்தது என்ற விளம்பரமும் இங்கே வந்து சேர்கிறது. எதனோடும் ஒட்டாத குணத்துக்காகவே பெயர் பெற்ற பொருள் அது. அதன் உருகுநிலை 327 டிகிரி. வாணலியில் அது நிலைத்து நிற்பது உலைச்சூட்டில் பதிய வைப்பதால். துணியால் தேய்த்தால் படகில் பதிந்துவிடும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கார் மெழுகு படகுக்கு ஆகாது என்பது பெரும்பாலும் வியாபாரம். வெறும் மெழுகானால் கெடுதல் இல்லை. கார் பாலிஷ் மட்டும் மங்கிய ஜெல்கோட்டுக்குப் போதாது. காரின் மெல்லிய கிளியர்கோட்டுக்காகச் செய்தது அது. நான்கைந்து கோட் போட்டால் கூடுதல் காப்பு என்பதும் அப்படித்தான். இரண்டாவது கோட் முதலில் விட்டுப்போன இடங்களை மூடும். மூன்றாவதில் கரைப்பான் கீழே உள்ளதையே இளக்கித் துணியோடு கொண்டுவந்துவிடும்.

மெழுகு தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுக்கும், கொப்புளம் வராது என்ற பேச்சு இன்னும் தவறு. கொப்புளம் வருவது நீர்மட்டத்துக்குக் கீழே. தண்ணீர் மூலக்கூறுகள் ஜெல்கோட்டின் ஊடாகவே மெல்ல ஊடுருவி, உள்ளே கரையும் பொருள்களோடு சேர்ந்து சவ்வூடு பரவலால் அழுத்தம் கட்டுகின்றன. அதற்கு மாற்று எப்பாக்சி பூச்சு. நீரில் நிரந்தரமாகக் கிடக்கும் படகின் அடியில் மெழுகிருந்தால் பாசியையும் சிப்பியையும் தடுக்கும் பெயின்ட்டும் பிடிக்காது. புதுப் படகின் அடியை முதலில் கரைப்பான் கொண்டு துடைப்பது அச்சில் இட்ட மெழுகைப் போக்கத்தான்.

இதை எல்லோரும் கவனிக்க வேண்டும். அச்சுக்கு மெழுகிடுவதே ரெசின் அதில் ஒட்டக்கூடாது என்பதற்காக. அதே மெழுகைப் படகெங்கும் தேய்த்துவிட்டு, நாளை ஒரு வெடிப்பை அடைக்க ரெசின் போட்டால் அது மட்டும் எப்படி ஒட்டும்? சிலிக்கோன் கலந்ததானால் தொல்லை இரட்டிப்பு: பெயின்ட் அடித்த இடத்தில் வட்ட வட்டமாக விலகி நிற்கும், உப்புத்தாள் போட்டால் பக்கத்து இடத்துக்கும் பரவும். வழுக்காமலிருக்கச் சொரசொரப்பாக விட்ட மேல்தளத்தில் மெழுகு தேய்ப்பவரைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஈரத்தில் கால் வைக்கிறவர் பேசுவார்.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் ஃபைபர் படகுகள் பெருகின. மணலில் இழுத்து ஏற்றப்படும் அந்தப் படகுகளின் அடியில் மெழுகு பூசினால் முதல் கரையேற்றத்தோடு போய்விடும். அவற்றைக் கெடுப்பது அடிப்பாகத்தை மணல் அராவுவதும், எஞ்சின் மாட்டும் பின்பலகையில் நீர் இறங்குவதும்தான்.

அப்படியானால் மெழுகே வேண்டாமா? வேண்டும், வேறு காரணத்துக்கு. உப்பும் எஞ்சின் புகைக்கரியும் பறவை எச்சமும் ஜெல்கோட்டில் ஊறாமல் மேலோடு நிற்கும், தேய்க்காமலே கழுவ முடியும். தேய்ப்பது குறைந்தால் ஜெல்கோட் மிஞ்சும். கடுமையான பாத்திரச் சோப்பால் கழுவினால் அந்த மெழுகும் போய்விடும் என்பது நினைவிருக்கட்டும்.

வாங்குவதற்கு முன் மங்கிய இடத்தை நனைத்துப் பாருங்கள். ஈரத்தில் பழைய நிறம் திரும்பினால் பழுது மேலோட்டமானது: ஒருமுறை அளவாகப் பாலிஷ், பிறகு மெழுகு. நனைத்தும் நிறம் வராமல் அடியிழை தெரிந்தால் இரண்டு பாகக் கலவையான பாலியூரித்தேன் பெயின்ட்தான் வழி. அதை அடித்த பின் பழைய பாலிஷ் டப்பாவை அதன்மேல் எடுக்காதீர்கள். அந்தப் பெயின்ட்டின் மினுக்கம் மேலே உள்ள மெல்லிய ரெசின் தோலில்தான் இருக்கிறது.