முகவரோ, ஒற்றரோ?

வழிநூலை நான்கு வகையாகப் பகுத்த தொல்காப்பியர், மொழிபெயர்ப்பினையும் அவற்றுள் ஒன்றாக வைத்து எண்ணினார். அத்துணைப் பழைமையுடைய தொழிலை இந்நாளிற் கூலி கருதாது செய்வார் சிலரைப் பற்றி ஈண்டுச் சில கூற விரும்புகின்றேன்.

2004 ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் முளைத்தது 'குளோபல் வொய்சஸ்' என்னும் அமைப்பு. அதனைச் சார்ந்த தன்னார்வலர், பல நாட்டுப் பொதுமக்கள் இணையத்தில் எழுதுவனவற்றைப் பிற மொழிகளிற் பெயர்த்து வந்துள்ளனர். உருசிய இணையத்துக்கென 'ரூநெட் எக்கோ' என்றொரு தனிப்பகுதியும் கண்டனர். எழுத்துரிமை குன்றிய அந்நாட்டில் எளிய மக்கள் நினைப்பது யாது என்பதை வெளியுலகம் அதன் வழியாகவும் அறிந்தது.

இப்பணி எளிதன்று. 2012 இல் உருசியாவில் இயற்றப்பெற்ற ஒரு சட்டம், வெளிநாட்டுப் பணம் பெற்று அரசியலில் ஈடுபடும் சங்கங்களை 'வெளிநாட்டு முகவர்' எனப் பதிவுசெய்யப் பணித்தது. பின்னர் அது பத்திரிகைகளையும் தனிமனிதரையும் பற்றிக்கொண்டது. அப்பட்டம் பெற்றவர் தாம் வெளியிடும் எழுத்தோடெல்லாம் அதனையும் பொறித்தல் வேண்டும். இச்சொல்லைத் தமிழாக்குவது எங்ஙனம்? நம்மவர்க்கு முகவர் என்றவுடன் காப்புறுதி முகவரும் பத்திரிகை முகவருமே நினைவில் வருவர். உருசியர் செவிக்கோ அது ஒற்றர், துரோகி என்னும் பொருளையும், ஸ்டாலின் காலத்து அச்சத்தையும் உடன்கொணரும். முகவர் என்றால் வசை மறைந்துவிடும். ஒற்றர் என்றால் சட்டம் சொல்லாததைச் சொன்ன வழு நேரும். முகவர் என்றே பெயர்த்து, அதன் உட்பொருளை அடுத்த வாக்கியத்தில் விளக்குதலே நேர்மை என்பது என் துணிபு.

சொல்லை மட்டுமன்று, சொல்லாமையையும் பெயர்த்தல் வேண்டும். 2022 பெப்ரவரி 24 இல் உக்ரேன்மீது படையெடுப்பு நிகழ்ந்தது. மார்ச்சு 4 இற் பிறந்த சட்டம், படையைப் பற்றிப் 'பொய்ச்செய்தி' பரப்புவோர்க்குப் 15 ஆண்டு வரை சிறை விதித்தது. போரைப் போர் என்றெழுதவே பலர் அஞ்சினர். அவ்வாறு அஞ்சி ஒருவர் அச்சொல்லைத் தவிர்த்திருக்க, மொழிபெயர்ப்பாளர் தம் ஆர்வத்தால் 'போர்' என்று இட்டு நிரப்புவாராயின், மூலத்தை எழுதியவரைச் சிறைவாயிலுக்கு அனுப்பினவர் ஆதலுங்கூடும்.

"ஊர்காவற்றுறையில் இருந்துகொண்டு உருசியர்க்கு ஏன் ஐயா வருந்துகின்றீர்? நம் துன்பம் போதாதோ?" என்று ஆசிரிய நண்பர் ஒருவர் என்னை வினவினார். தக்க வினாவே. 1990 களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமின்றி, துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலிக்கு உயிரூட்டித் தமிழோசை கேட்டோமல்லமோ? நம் ஊர்ச் செய்தியை இலண்டனிலிருந்து அறிந்தோம். நம் துயரை வேற்றுமொழியார் அறிய எவரேனும் பெயர்த்தெழுதாரோ என்று ஏங்கினோம். அன்று நாம் பிறரிடம் வேண்டியதை இன்று பிறர்க்குச் செய்ய மறுத்தல் அறமாகுமோ?

நமக்கும் இதிற் படிப்பினை உண்டு. 2018, 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் இலங்கையிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2024 இல் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பொய்யுரை எதுவெனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவின் கையில் வைத்தது. பொய்யுரை தீங்கு செய்யாதென்று யான் கூறேன்; 2018 இற் கண்டிப் பகுதியில் முஸ்லிம் மக்களின் வீடும் கடையும் எரிந்தபோது இணையத்து வெறுப்புரை நெருப்புக்கு நெய்யாயிற்று. ஆயினும் பொய்யைத் தடுக்க எடுத்த வாள், மெய்யுரைப்பார் கழுத்திலும் விழக்கூடும் என்பதற்கு உருசியா கண்கண்ட சான்று. சங்கத்தைத் தொட்ட சட்டம் தனிமனிதரைத் தொட நெடுங்காலம் செல்லவில்லை என்பதை நம்மவர் தமிழிற் படித்தறிதல் வேண்டும்.

முன்னாளில் மொஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் நூல்களைத் தமிழில் அச்சிட்டு அனுப்பிற்று. மலிந்த விலைக்கு வாங்கி மகிழ்ந்தோம். அவை அரசு நமக்கெனத் தெரிந்தெடுத்தவை. குடிமக்களின் குரலை எந்த அரசும் தமிழாக்கி அனுப்பாது. நாமே தேடிக்கொள்ளல் வேண்டும். மொஸ்கோ லுமும்பா பல்கலைக்கழகத்திற் பயின்று மீண்டோர் நம் நாட்டில் உளர். அவர்பால் உருசியம் உண்டு. பண்டிதர்பால் இலக்கணம் உண்டு. இரண்டும் இன்னும் ஒரு மேசையில் அமரவில்லை. ஆதலின் வருவது ஆங்கிலத்தின் வழி இருமுறை வடிந்த நீரே.

இத்தீவகத்துக் காரம்பொனிற் பிறந்த தனிநாயகம் அடிகள், 1952 இல் ஆங்கில முத்திங்களிதழ் ஒன்றைத் தொடங்கித் தமிழின் சிறப்பை உலகோர்க்கு உணர்த்தினார். நம் குரல் வெளியே சென்ற அவ்வழியே அயலார் குரல் உள்ளே வருதலும் முறைமை. உருசியம் கற்றோர் மூலத்தினின்று நேரே எழுதிக் கொணர்க. வழுக்களையும் வேலையை யான் இன்றே ஏற்கின்றேன், கூலி வேண்டேன்.