கண்காட்சிக்குப் போகுமுன் கணக்குப் போடுங்கள்

பொங்கலையொட்டியும் கோடை விடுமுறையிலும் ஊருக்கு ஊர் பொருட்காட்சிகளும் கைவினைப் பொருள் கண்காட்சிகளும் நடக்கின்றன. சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியும் மதுரைச் சித்திரைப் பொருட்காட்சியும் நமக்குப் பழக்கமானவை. டெல்லி பிரகதி மைதானத்தில் நவம்பர் 14-இல் தொடங்கும் வர்த்தகக் கண்காட்சி, 1987-இல் அரியானாவில் தொடங்கிய சூரஜ்கண்ட் கைவினைத் திருவிழா என்று வடக்கேயும் வாய்ப்புகள் உள்ளன. பத்தமடைப் பாய், தலையாட்டிப் பொம்மை, பனை ஓலைப் பெட்டி விற்போர் மட்டுமின்றி, மசாலாப் பொடி, அப்பளம், வடகம் விற்கும் மளிகை வணிகர்களும் இன்று ஸ்டால் எடுக்கிறார்கள். வரவேற்க வேண்டியதுதான்.

ஆனால், “போய்த்தான் பார்ப்போமே, விற்ற வரை லாபம்” என்று கிளம்புவது வியாபாரம் ஆகாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். கண்காட்சியில் போடும் பணத்தை அளக்காமல் போடலாமா?

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஐந்து நாள் கண்காட்சி. ஸ்டால் வாடகை 15,000 ரூபாய். வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி 4,000. இரண்டு ஆட்களுக்குச் சம்பளம், சாப்பாடு 6,000. விளக்கு, பேனர், மேசை 3,000. பை, பில் புத்தகம், சில்லறைச் செலவு 2,000. ஆக மொத்தம் 30,000 ரூபாய். விற்பனையில் ரூபாய்க்கு 25 காசு நிற்கும் சரக்கென்றால், போட்ட செலவை எடுக்கவே 1,20,000 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். அதாவது நாளொன்றுக்கு 24,000 ரூபாய். ஒரு பில் சராசரி 300 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு 80 பில். பத்து மணி நேரம் கடை திறந்திருந்தால் மணிக்கு எட்டு பில்! லாபம் அதற்கு மேல்தான்.

இந்த எட்டு பில் நடக்குமா என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். நடக்காது என்று தோன்றினால் ரூபாய்க்கு 40 காசு நிற்கும் சரக்கைத் தேர்ந்தெடுங்கள். 75,000 ரூபாய்க்கு விற்றாலே செலவு திரும்பிவிடும். அதுவும் இயலாதென்றால் ஸ்டால் எடுக்காமலிருப்பதே நல்ல வியாபாரம்.

அடுத்து தள்ளுபடி. பக்கத்து ஸ்டாலில் பத்து சதவீதம் என்று அட்டை தொங்கியதும் நம்மவர்களும் தொங்கவிடுகிறார்கள். 75 ரூபாய் அடக்கமுள்ள பொருளை 100-க்குப் பதில் 90-க்கு விற்றால் நிற்பது 25 அல்ல, 15 ரூபாய்தான். அதே 30,000 ரூபாய்ச் செலவை எடுக்க இப்போது 1,80,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். பத்து சதவீதம் குறைத்ததற்கு விற்பனை ஒன்றரை மடங்காக வேண்டும் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? மேலும், அங்கே 90-க்கு வாங்கிய வாடிக்கையாளர் நாளை நம் கடைக்கு வந்து 100 கொடுப்பாரா? ஆகவே எந்தப் பொருளுக்கு, எந்த நாளில், எவ்வளவு குறைக்கலாம் என்பதை ஊரிலேயே எழுதி முடித்துவிட வேண்டும்.

விற்பனைத் தொகை மட்டுமே இலக்கும் ஆகாது. கண்காட்சிக்கு வருவோரில் சில்லறைக் கடைக்காரர்களும் உண்டு. மொத்தக் கொள்முதல் பேசக்கூடிய பத்து கடைகளின் முகவரியாவது வாங்கி வருவது என்று முடிவு செய்தால், விலைப்பட்டியலும் மாதிரிப் பொட்டலமும் தாமாகவே தயாராகும். புதிய சரக்கைச் சோதிப்பதுதான் நோக்கம் என்றால் குறைவாக எடுத்துச் சென்று, எது கேட்கப்பட்டது, எது சீண்டப்படவில்லை என்று நாள்தோறும் குறித்து வர வேண்டும். ஏதேனும் ஒன்றை முதல் நோக்கமாக வையுங்கள். எல்லாவற்றுக்கும் ஆசைப்பட்டால் எதுவும் கைக்கு வராது.

சட்டமும் இலக்கைக் கேட்கிறது. ஜி.எஸ்.டி. பதிவுள்ளவர் வேறு மாநிலத்தில் ஸ்டால் போட்டு விற்பதானால், பொதுவாக அந்த மாநிலத்தில் தற்காலிகப் பதிவு பெற வேண்டும். குறைந்தது ஐந்து நாள் முன்னதாக மனுச் செய்து, உத்தேச விற்பனைக்குரிய வரியை முன்கூட்டியே கட்ட வேண்டும். அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருள்களுக்கு வரம்புக்குட்பட்ட விலக்கு உண்டு; அதற்கும் பான் எண்ணும் இ-வே பில்லும் தேவை. எவ்வளவு விற்போம் என்றே தெரியாதவர் எந்தத் தொகையைக் கட்டுவார்? உணவுப் பொருளுக்கு உரிய உரிமம், பொட்டலத்தில் எடை, விலை, தேதி, முத்திரையிட்ட தராசு ஆகியவையும் கிளம்புமுன் சரிபார்க்க வேண்டியவை.

திரும்பி வந்த வாரத்திலேயே, நினைத்தது எவ்வளவு, நடந்தது எவ்வளவு என்று பேரேட்டில் ஒரு பக்கம் எழுதுங்கள். அடுத்த ஆண்டு போவதா வேண்டாமா என்பதை அந்தப் பக்கம் சொல்லும். நம் சங்கங்களும் இதில் துணை நிற்க வேண்டும். உறுப்பினர்களின் இந்தக் கணக்குகளைத் திரட்டிவைத்தால், எந்தக் கண்காட்சியில் எந்தச் சரக்கு போகும் என்பது புதியவர்களுக்கும் தெரியும். தனியாக வாடகை கட்ட முடியாத இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு ஸ்டால் எடுக்கவும் சங்கமே ஏற்பாடு செய்யலாம்.

கூட்டம் கண்காட்சி நடத்துபவர் கூட்டுவது. லாபம் நாம் கணக்குப் போட்டுச் சேர்ப்பது. சிறு வணிகரின் முதல் சிறியது. அதைக் குருட்டு நம்பிக்கையில் இறக்கக் கூடாது.