மன்னரை விவாகரத்து செய்த இளையராணி

பெண் பார்க்கும் படலம் புகைப்படத்திலேயே முடிந்துவிட்டது! சீனாவில் மஞ்சு வம்சத்தின் ஆட்சி 1912-லேயே போய்விட்டாலும், கடைசி மன்னர் பூயி அரண்மனையில்தான் இருந்தார். 1922-ல் அவருக்குப் பெண் தேடினார்கள். நான்கு படங்கள் வந்தன. 16 வயதுப் பூயி ஒரு படத்தின் மேல் பென்சிலால் வட்டம் போட்டார். அதில் இருந்தவள் வென்ஷியூ. அவளுக்கு 13 வயதுகூட நிரம்பவில்லை.

அரண்மனையின் மூத்த பெண்மணிக்கு அவளைப் பிடிக்கவில்லை. பணமும் அழகும் உள்ள வான்ரோங்தான் பட்டத்து ராணி என்றார். அப்படியானால் வென்ஷியூவின் கதி? மன்னர் வட்டம் போட்ட பெண்ணை இனி யாருக்குக் கட்டிக்கொடுப்பது? அதனால் அவள் இளையராணி ஆனாள்!

1924-ல் எல்லோரும் அரண்மனையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பிறகு தியான்ஜின் நகரத்தில் வாழ்க்கை. ஒரே வீடுதான், ஆனால் கணவரிடம் அவளுக்குப் பேச்சுவார்த்தைகூட இல்லை.

1931 ஆகஸ்டில் ஒருநாள், தங்கையோடு காரில் ஏறிப் போன வென்ஷியூ திரும்பி வரவே இல்லை. வந்தது வக்கீல் கடிதம்தான். விவாகரத்து கேட்டிருந்தாள்!

ஊரே அதிர்ந்தது. உறவுக்கார அண்ணன் ஒருவர், 'குடும்ப மானம் போச்சே' என்கிற ரீதியில் பத்திரிகையிலேயே கடிதம் எழுதித் திட்டினார். அவள் அசரவில்லை. இரண்டே மாதத்தில் பிரிவு முடிவானது. ஜீவனாம்சம் 55,000 யுவான். பூயி பதிலுக்கு அவளுடைய பட்டத்தைப் பறித்தார்.

பிறகு அவள் பள்ளி ஆசிரியை ஆனாள். 1947-ல் மறுமணம் செய்துகொண்டாள். 1953-ல் இறந்தாள். முதல் கல்யாணத்தில் அவளை யாரும் சம்மதம் கேட்கவில்லை. அதிலிருந்து வெளியேற அவளும் யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை.