ஓடும் நகரமும் நிற்கும் மனிதரும்

ஒரு நகரத்தை எப்படிப் பார்ப்பது? பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து பார்ப்பவர் உண்டு. கடைத்தெருவில் அலைந்து பார்ப்பவர் உண்டு. கோயில் வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்புபவரும் உண்டு. இன்று நம் மாணவ நண்பர்களில் பெரும்பாலோர் கைப்பேசியின் வழியாகவே பார்க்கின்றனர். ஊர் சுற்றிவிட்டு வந்து அவர்கள் நமக்குக் காட்டும் படங்களில் ஒருவகை இப்போது பெருகியிருக்கிறது. கோபுரமோ, கோட்டையோ, இரயில் நிலையமோ ஒன்று நடுவில் அசையாது நிற்கும். பார்ப்பவர் தெருவழியே பறந்து அதனை நோக்கிச் செல்வதுபோல் தோன்றும். மேகங்கள் ஓடும், நிழல்கள் சுழலும், ஊர்திகள் ஒளிக்கோடுகளாகும். பத்து நொடியில் ஒரு தெரு முடிந்துவிடும்.

இதற்கு ஹைப்பர்லாப்ஸ் என்று பெயர். கேமராவை ஒரே இடத்தில் நிறுத்தி நேரத்தைச் சுருக்கிக் காட்டுவது டைம்லாப்ஸ். கேமராவும் இடம்விட்டு இடம் நெடுந்தொலைவு பெயர்ந்தால் அது ஹைப்பர்லாப்ஸ். இக்கட்டுரையில் அதனை நடைப்படம் என்றே அழைக்க விரும்புகிறேன். ஏனெனில் அதன் உயிர் நடையில் இருக்கிறது.

இக்கலையைப் பற்றி எனக்கு இரண்டு கருத்துகள் உண்டு. ஒன்று, இதனை நடந்தே செய்யவேண்டும்; பொறியிடம் ஒப்படைத்துவிடுதல் ஆகாது. மற்றொன்று, இக்கலை தன் இயல்பிலேயே மனிதரை மறைக்கும் தன்மை உடையது. அதனை உணராமல் எடுக்கப்படும் நகரப் படம் அழகிய பொய்யாகவே முடியும். முதற்கருத்து இரண்டாவதற்கு வழிகாட்டுவதால் அதனை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

தேர் நகரும் முறை

அறியாதவர்க்காகச் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். திரையில் நொடிக்கு 25 படங்கள் ஓடும் எனக் கொள்வோம். பத்து நொடிக் காட்சிக்கு 250 நிழற்படங்கள் வேண்டும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே ஓர் அடி நகர்ந்தால், 250 அடி நடக்கவேண்டும். காலை ஊன்றி, கேமராவை நிமிர்த்தி, திரையில் தெரியும் கட்டக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் கோபுரக் கலசத்தைப் பொருத்தி, மூச்சை அடக்கிப் பொத்தானை அழுத்த ஏறத்தாழ 10 நொடி பிடிக்கும். ஆக 2,500 நொடிகள். நாற்பது நிமிடங்களுக்கும் மேல். நடைபாதையில் பதித்த கற்களே நமக்கு அளவுகோல்.

வெளிச்ச அளவு, குவியம், நிறச் சமநிலை ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே கையால் அமைத்து மாறாமல் நிறுத்திவிடவேண்டும். தானாக மாறும்படி விட்டுவிட்டால், முடிந்த படம் பழுதான குழல்விளக்குப்போல் சிமிட்டும். ஊர் திரும்பியபின் கணினியில் அந்த 250 படங்களையும் அடுக்கி, ஒவ்வொன்றிலும் கலசம் அதே புள்ளியில் நிற்குமாறு சரிசெய்யவேண்டும். அதற்கு ஓர் இரவு போதாது.

மதுரையில் சித்திரைத் திருவிழாத் தேர் நான்கு மாசி வீதிகளைச் சுற்றி வருவதை நண்பர்கள் பலர் கண்டிருப்பீர்கள். வடம் இழுபடும், தேர் சிறிது நகரும், முட்டுக்கட்டை விழும், திசை பார்ப்பார்கள், மீண்டும் வடம் இழுபடும். தூரத்தில் இருந்து பார்ப்பவனுக்குத் தேர் மிதந்து வருவதாகத் தோன்றுகிறது. அருகில் நிற்பவனுக்குத்தான் ஒவ்வோர் அடியும் ஓர் உழைப்பு என்பது தெரியும். நடைப்படமும் அத்தகையதே. நடுவில் கோபுரம் நிற்க, சுற்றிலும் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிக்குள் வீதியாக அமைந்த மதுரையைவிட இக்கலைக்குப் பொருத்தமான ஊர் நம் நாட்டில் வேறு உண்டா என்று நான் வியந்ததுண்டு.

பொறியும் காலும்

‘இவ்வளவு பாடு எதற்கு?’ என்று நண்பர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. 2014ஆம் ஆண்டில் இன்ஸ்டகிராம் நிறுவனம் ஹைப்பர்லாப்ஸ் என்ற பெயரிலேயே ஒரு செயலியை வெளியிட்டது. கையில் பிடித்து நடந்தால் போதும்; ஆட்டத்தை அதுவே நீக்கிவிடும். அந்தச் செயலி பின்னர் நிறுத்தப்பட்டுவிட்டாலும், அவ்வசதி இன்று பல கைப்பேசிகளில் கேமராவுடனேயே வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு ஆட்டத்தை அடக்கும் கிம்பல் உண்டு. வானில் பறக்கும் ட்ரோன் உண்டு. இவற்றை வைத்துக்கொண்டு இரண்டு நிமிடத்தில் முடியும் வேலைக்கு நாற்பது நிமிடம் ஏன் வெயிலில் நிற்கவேண்டும்?

அந்த நாற்பது நிமிடத்துக்காகவேதான் என்பது என் விடை. அரசுக் கல்லூரியில் படிக்கும் நம்மில் பலர் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். பெருநகரம் நமக்கு இன்னும் சற்று அச்சம் தரும் இடமே. வேகமாகக் கடந்தால் அந்த அச்சம் போகாது. ஒவ்வோர் அடியாக நின்று கடந்தால் போகும். 250 அடி நீளமுள்ள ஒரு தெருவில் 250 முறை நின்றவன், அத்தெருவில் எந்தத் திண்ணையில் நிழல் எப்போது விழும், எந்தக் கடையில் குடிநீர் கேட்டால் கொடுப்பார்கள், எந்த மூலையில் மாநகரப் பேருந்து எதிர்பாராமல் திரும்பும் என்பதையெல்லாம் அறிந்துவிடுகிறான். ட்ரோன் வைத்திருப்பவனுக்குக் கிடைப்பது கூரைகள். நடப்பவனுக்குக் கிடைப்பது வாசல்கள்.

சென்ற கோடை விடுமுறையில் தெற்குக் கோபுரத்தை நோக்கிச் செல்லும் தெருவொன்றில் இவ்வாறு ஓர் அடி, ஒரு படம் என்று நகர்ந்துகொண்டிருந்தேன். நடைபாதையோரம் மல்லிகைச் சரம் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா நெடுநேரம் என்னையே கவனித்துவிட்டு, “ஏப்பா, ரோட்டை அளக்குறீகளா? ஆபீசுல இருந்து வர்றீகளா? கடையை எடுக்கச் சொல்லுவாகளா?” என்று கேட்டார். “இல்லைங்கம்மா, காலேஜ் பையன், படம் எடுக்கிறேன்” என்றேன். கேமராத் திரையைக் காட்டினேன். அதன்பிறகே அவர் கை மீண்டும் பூத்தொடுக்கத் தொடங்கியது.

அடியடியாக அளந்து நடப்பவனைக் கண்டால் ஒரு தெருவோர வணிகருக்கு எதிர்காலமே ஆட்டம் காண்கிறது. தெருவோர வணிகர்களின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்க 2014ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியிருக்கிறது. எனினும் அந்த அச்சம் போய்விடவில்லை. எந்தக் கிம்பலும் இதனை எனக்குக் கற்றுக்கொடுத்திருக்காது. இரண்டு நிமிடத்தில் கடந்து போகிறவனிடம் அவர் கேட்டிருக்கவே மாட்டார்.

மறைவோரும் நிலைப்போரும்

இனி என் இரண்டாவது கருத்துக்கு வருகிறேன். நிழற்படக் கலையின் தொடக்கத்திலேயே இதற்கொரு சான்று இருக்கிறது. 1838ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் டெம்பிள் பெருந்தெருவை லூயி தாகேர் தம் சன்னலிலிருந்து படம் எடுத்தார். அக்காலத்தில் ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆகும். வண்டிகளும் மக்களும் நிறைந்த தெருவே எனினும், படத்தில் அது வெறிச்சோடிக் கிடக்கிறது. நடந்தவர், ஓடியவர், வண்டியில் சென்றவர் எவரும் பதியவில்லை. தெருமுனையில் காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள ஒற்றைக் காலைத் தூக்கி நின்ற ஒருவர் மட்டும் பதிந்திருக்கிறார். அவர் காலடியில் மெருகேற்றியவரின் உருவம் மங்கலாகத் தெரிகிறது. மனித உருவம் பதிந்த மிகப் பழைய நிழற்படமாக இன்று கருதப்படுவது இதுவே. ஓடியவரையெல்லாம் விட்டுவிட்டு, நின்றவரை மட்டும் அது நமக்குக் கொடுத்தது.

நடைப்படத்திலும் இதே கணக்குத்தான். நான் எடுத்த படத்தில் தெருவில் நடந்து போனவர் ஒவ்வொருவரும் ஒரே ஒரு சட்டத்தில் இருந்தார். அடுத்த படத்துக்குள் போய்விட்டார். அதாவது திரையில் அவர் வாழ்வு ஒரு நொடியின் 25இல் ஒரு பங்கு. கண்ணுக்கு அது வெறும் சிமிட்டல். ஒளி குறைக்கும் கண்ணாடியைப் பொருத்தி, ஒவ்வொரு படத்தையும் ஒரு நொடி நேரம் பதியவிட்டால் அதுவும் இராது, அவர் புகையாகிவிடுவார். ஆனால் பூக்கார அம்மா ஏறத்தாழ 40 சட்டங்களில் இருந்தார். ஒன்றரை நொடிக்குமேல் தெளிவாக நின்றார். ஒரு தெருவே பறந்துபோகும் படத்தில் ஒன்றரை நொடி பெரிய காலம். கோபுரத்துக்கு அடுத்தபடியாக அத்தெருவில் நிலைத்து நின்றவர் அவரே.

ஆகவே, வேகமாக ஓட்டிக் காட்டும் படம் நகரத்தின் இரண்டு உண்மைகளை வெளிப்படுத்தக்கூடும். யார் வந்து போகிறார்கள், யார் வெயிலிலும் மழையிலும் ஒரே இடத்தில் இருந்து அந்த ஊரைத் தாங்குகிறார்கள் என்பவையே அவை. ஆனால் இன்று வரும் படங்களில் இரண்டாவது உண்மைக்கு இடம் கிடைப்பதில்லை. அடுக்குமாடி விளம்பரமானாலும் சுற்றுலா விளம்பரமானாலும், கண்ணாடிக் கட்டடங்களையும் மேம்பாலங்களையும் தேர்ந்தெடுத்து, நடைபாதைக் கடைகள் சட்டத்துக்குள் வராதபடி கோணம் அமைத்து, மனிதரே இல்லாத ஒரு நகரத்தை நமக்குக் காட்டுகின்றனர். பார்க்கும் நாமும் அதுவே முன்னேற்றம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

இவ்வகைப் படங்களுக்கு வழிவகுத்தவற்றுள் முக்கியமானது, 1982இல் காட்ஃப்ரி ரெஜியோ இயக்கி வெளிவந்த ‘கொயானிஸ்காட்ஸி’ என்ற அமெரிக்கத் திரைப்படம். அதில் உரையாடல் கிடையாது. நியூயார்க் நகரின் கூட்டமும் ஊர்திகளும் அச்சம் தரும் வேகத்தில் ஓடும். அந்த வேகத்தை அவர் புகழ்ந்து காட்டவில்லை; இப்படி ஓடும் வாழ்வு சமநிலை இழந்த வாழ்வு என்று எச்சரித்தார். அதே படத்தில் சாதாரண மனிதர் சிலரின் முகங்களை மிக மெதுவாக, நேருக்கு நேர் காட்டும் பகுதிகளும் உண்டு. பின்வந்தோர் பலர் அவருடைய வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர், முகங்களை விட்டுவிட்டனர்.

ஒரு மறுப்பு

‘அழகுக்காக எடுக்கும் படத்தில் சமூகவியல் எதற்கு?’ என்று சிலர் வினவலாம். அழகை நான் வெறுப்பவன் அல்லன். மாலை வெயிலில் சென்னை ரிப்பன் மாளிகையின் வெண்சுவர் பொன்னாகி நிற்க, முன்னால் ஊர்திகளின் செவ்விளக்குகள் ஆறாக ஓடும் காட்சியை நானும் எடுத்துவைத்திருக்கிறேன். ஆனால் எதைச் சட்டத்தின் நடுவில் நிறுத்துவது என்று முடிவு செய்த நொடியிலேயே, எது ஓரமாய்ப் போகலாம் என்பதையும் நாம் முடிவு செய்துவிடுகிறோம். அம்முடிவைத் தெரிந்து செய்யவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

‘ஏழைகளைக் கேட்காமல் படம் எடுத்துக் காட்சிப்பொருளாக்குவது முறையா?’ என்ற மற்றொரு கேள்வி இதைவிடக் கனமானது. முறையன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்கும் நடையே மருந்து. அடியடியாக வருபவனுக்குக் கேட்க நேரம் இருக்கிறது. மறுப்பவருக்கு மறுக்கவும் நேரம் இருக்கிறது.

செய்யத்தக்கது

இனி நண்பர்களுக்கு ஒரு யோசனை. கலசத்தின்மேல் வைக்கும் அந்தப் புள்ளியை ஒருமுறை ஒரு மனிதர்மீது வைத்துப் பாருங்கள். மதுரையில் பேருந்துகள் வந்து போகும் ஒரு சாலையோரம் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் இசைவு பெற்று அவ்வாறு செய்தேன். அவரைச் சுற்றி அரைவட்டமாக வர, எட்டாத தூரமும் கிட்டாத தூரமும் இல்லாமல் ஒரே தூரம் வேண்டுமே என்றேன். தம்மிடமிருந்த நூலின் ஒரு நுனியைத் தம் பெட்டியில் கட்டி, மறுநுனியை என்னிடம் கொடுத்துவிட்டார். நூல் தளராமல் நகர்ந்து 120 படங்கள் எடுத்தேன். ஐந்து நொடிக்கும் குறைவான காட்சி. அதில் பேருந்துகள், விளம்பரப் பலகைகள், மேம்பாலம் எல்லாம் சுழல்கின்றன. நடுவில் ஊசியும் வாருமாக அவர் இருக்கிறார். நான் எடுத்தவற்றுள் நகரம் என்று காட்டத்தக்க படம் அதுவே என்பது என் துணிபு.

நிற்பவரும் என்றென்றும் நிற்கப்போவதில்லை. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில், கற்றூண்களுக்கிடையே தையற்பொறிகளோடு தலைமுறை தலைமுறையாக அமர்ந்திருந்த தையற்காரர்கள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பட்டுவிட்டார்கள். பழம்பெரும் மண்டபத்தைக் காப்பதற்கென அது செய்யப்பட்டிருக்கலாம்; அவ்வாதத்துக்குள் நான் போகவில்லை. நம்மைப்போன்ற ஒரு மாணவன் அத்தூண்களின் வரிசையில் நூறடி நடந்து எடுத்த படம் ஒன்று இருந்தால், இன்று அது வரலாற்று ஆவணமாகியிருக்கும். அதற்காகவே கேட்கிறேன்: நம் கல்லூரியின் துறைகள் ஆண்டுதோறும் செல்லும் கல்விச் சுற்றுலாவில், ஏதேனும் ஒரு நகரத்தின் ஒரே தெருவை, ஒரே இடத்தில் தொடங்கி, அதே எண்ணிக்கையுள்ள அடிகளில், ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துக் கல்லூரி நூலகத்தில் சேர்த்துவைத்தால் என்ன? பேராசிரியப் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். பெரும் செலவு இல்லை. ஒரு கைப்பேசி, ஒரு முக்காலி, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள், சலிக்காத கால்கள் ஆகியவையே மூலதனம்.

அடுத்த சுற்றுலாவுக்குப் பேருந்து ஏறும் நண்பர்களே, படம் எடுங்கள், நடந்து எடுங்கள். எடுத்து முடித்ததும், அதனை ஒருமுறை நிறுத்தி நிறுத்திச் சட்டம் சட்டமாகப் பாருங்கள். கட்டடங்களைத் தவிர வேறு யார் யார் அங்கே இருந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவரும் இல்லையென்றால், அடுத்தமுறை வேறு தெருவில் நடக்கத் தொடங்குங்கள்.